சிம்லாவில் ஒரு நூல் மாலை

சங்கரன்கோவிலில் 'லாட் வீட்டு சலாவுதீன்' என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே அவர் நடத்திய சாப்பாட்டுக் கடைக்கு வேறு பெயரில் ஒரு பலகை தொங்கியது. அதை யாரும் வாசித்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சிம்லா மலையில் லாட் துரையான வைசிராயின் மாளிகையில் ஏழு வருஷம் இருந்தவர் என்பதற்கு மேல் ஊருக்குத் தகவல் தேவைப்படவில்லை. அங்கே என்ன வேலை என்று கேட்டால் சலாவுதீன் உள்ளதைச் சொல்லுவார்: குசினியில் உருளைக்கிழங்கு உரித்தேன். கேட்டவர்கள் அதைப் பெரிய மனுஷனின் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

1955 சித்திரையில் பாரத தரிசன யாத்திரைக் குழு புறப்பட்டபோது அதன் தலைவர் சௌந்தரபாண்டியன் நேரே சலாவுதீனின் கடைக்கு வந்து நின்றார். காசியும் பிரயாகையும் எல்லாரும் போகிற இடம். டில்லிகூட இப்போது மலிந்துவிட்டது. ஆனால் ராஜதானி மலையான சிம்லாவுக்கு யாத்திரையாகப் போய் வந்தவன் தாலுகாவில் கிடையாது. முதல் ஆளாக இருப்பதற்கு ஒரு நாள் போதும் என்பது தலைவரின் கணக்கு.

"வாரும் வே. ரயில் சார்ஜ், சாப்பாடு எல்லாம் குழு பாத்துக்கிடும். நீரு முன்னால நடந்து காட்டும், போதும்."

"வாரேன் அண்ணாச்சி. எனக்கு அங்கன அரை மணி நேரம் மட்டும் விட்டுத் தரணும். ஒரு ஆளைப் பாக்கணும்."

"அரை மணி என்ன வே, ஒரு மணியா எடுத்துக்கிடும்!" என்றார் தலைவர்.

அந்த ஆள் மகபூப் பீவி. சலாவுதீனின் மனைவி. கடையநல்லூர்ப் பெண். கல்யாணமான கையோடு கணவனுடன் மலையேறியவள், நாற்பத்து நாலு புரட்டாசியில் பிரசவத்தில் மவுத்தானாள். மாளிகைக்குப் பின்புறச் சரிவில் வேலைக்காரர்களின் மையவாடியில் அடக்கம். தலைமாட்டில் நட்ட மீசான் கல்லில் சலாவுதீன் காய்கறிக் கத்தியால் பெயரைக் கீறி வைத்தார். அவருக்குத் தெரிந்த ஒரே எழுத்து தமிழ். ஆகவே தமிழில் கீறினார். நாற்பத்தேழில் கலவரம் வந்து, ஒரு சர்தார்ஜி டிரைவர் அவரை ராணுவ லாரியில் ஒளித்து அம்பாலாவில் இறக்கிவிட்டார். அதன் பிறகு எட்டு வருஷம். அந்தக் கல் நிற்கிறதா, விழுந்துவிட்டதா என்பது தெரியாது. அடக்கிய அன்று, இறந்தவர்களுக்காகக் குர்ஆனிலிருந்து ஓதும் ஒரு யாசீன் ஓதக்கூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊருக்கு வந்து, பள்ளிவாசல் லெப்பையிடம் நாற்பது வயதுக்கு மேல் பையன்களோடு உட்கார்ந்து மனப்பாடம் செய்தார். அதை அவளிடத்தில் ஓத வேண்டும். அதற்குத்தான் அரை மணி.

மனைவியின் கபுறு என்று தலைவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கடைவாசலிலேயே ஓர் அனுதாப உரை நிகழ்ந்துவிடும் என்று பயந்தார்.

ரோஸ் காகிதத்தில் அச்சடித்த நிகழ்ச்சி நிரல் பதினெட்டுப் பேர் கையிலும் இருந்தது. 'காலை 10 மணி: சிம்லாவில் வரவேற்பு. 10.15: தலைவர் ஏற்புரை.' யார் வரவேற்பது என்பதை அச்சகம் விட்டுவிட்டிருந்தது. கால்காவிலிருந்து விடியுமுன் கிளம்பிய பஸ் பத்து மணிக்கு நின்றபோது மூட்டைதூக்கிகள் நாலு பேரும் ஒரு குரங்கும் வரவேற்றார்கள். தலைவர் ஏற்புரையைச் சுருக்கவில்லை. அவர் மனைவி வள்ளித்தாய் வழக்கம்போல் சால்வை நுனியைப் பிடித்து இழுத்த பிறகுதான் குழு நகர்ந்தது.

தலைவரின் தோள்பையில் ஒரு நூல் மாலை இருந்தது. சங்கரன்கோவில் தறிக்காரர்கள் முறுக்கிக் கொடுத்த வெள்ளை நூல் சிட்டம். சிம்லாவில் தியாகிகள் சிலை இருந்தால் அதற்கு, இல்லாவிட்டால் யாருக்குச் சிலை இருக்கிறதோ அவருக்கு என்று தீர்மானம் நிறைவேற்றிக் கொண்டுவந்திருந்தார்கள்.

சலாவுதீன் முன்னால் நடந்தார். பெரிய வீதியில் அல்ல. அதற்குக் கீழே, கழிவுநீர் ஓடும் சந்துகள் வழியாக, கரி மூட்டைக்காரர்கள் ஏறும் படிக்கட்டுகள் வழியாக. பனவடலிசத்திரத்து மிராசுதார் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னவே, ராஜதானியைப் புறவாசல் வழியாக் காட்டுதீரு?" என்றார் தலைவர்.

"எனக்குத் தெரிஞ்ச வழி இதுதான் அண்ணாச்சி. மேல் ரோட்டுல நான் நடந்ததே இல்ல."

குரங்குக் கோயில் மலைக்கு ஏறி இறங்கியதில் மணி ஒன்றாயிற்று. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். மாளிகை வாசலுக்கு வந்தபோது மூன்று. சாம்பல் நிறக் கல்லில், கோபுரமும் புகைபோக்கிகளுமாக, மேகத்தை ஒட்டி நின்றது அது. காவலாளி புல்தரை வரைக்கும்தான் விட்டான்.

"வைசிராய் எந்த ரூம்ல படுப்பாரு பாய்?" என்று ஒருவர் கேட்டார்.

"தெரியாது."

"தர்பார் நடக்கிற எடம்?"

"தெரியாது. அந்தா, ஓரத்துல கறுத்த புகைபோக்கி தெரியுதுல்லா? அதுக்குக் கீழதான் குசினி. அது தெரியும்."

குழுவினர் கறுத்த புகைபோக்கியை மரியாதையாகப் பார்த்தார்கள். சிலை எதுவும் இல்லை. தலைவர் புல்தரையை இரண்டு தடவை சுற்றி வந்தார். பையில் மாலையும், சட்டைப்பையில் நாலு பக்க உரையும் கனத்தன.

"அண்ணாச்சி, நான் அந்த ஆளைப் பாத்துட்டு ஓடியாந்திருதேன்" என்றார் சலாவுதீன்.

தலைவர் கைக்கடிகாரத்தைத் திருப்பினார். "எப்படி வே முடியும்? அஞ்சு மணிக்கு பஸ். வழி தெரிஞ்ச ஆளு நீரு ஒருத்தர்தான். நீரு போயிட்டா பதினெட்டுப் பேரும் இங்கன திக்குத் தெரியாம நிக்கணும். அடுத்த தடவை வரையில பாத்துக்கிடும்."

அடுத்த தடவை என்ற சொல்லை சலாவுதீன் கேட்டுக்கொண்டு நின்றார். ஆயிரத்தைந்நூறு மைல். அவளோ கூப்பிடுகிற தூரத்தில், இந்தச் சரிவுக்குக் கீழே கிடக்கிறாள். எட்டு வருஷமாக ஓதி ஓதிப் பழகியது தொண்டையில் நிற்கிறது.

அவர் தலைவரின் பையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கீழ ஒரு அம்மாவோட கபுறு இருக்கு. இந்த மாளிகையில இருந்தவங்க. அவங்க மவுத்தான அன்னிக்கு வைசிராய்க்கே மத்தியானச் சாப்பாடு முக்கால் மணி நேரம் பிந்திப் போச்சு."

அத்தனையும் உண்மை. உடல் வைத்த சந்தூக்கைச் சுமந்தவர்கள், சமைக்க வேண்டிய குசினி ஆட்கள்.

தலைவரின் முகம் மலர்ந்தது. "மொகலாய வம்சமா இருக்கும்" என்று அவரே முடிவுகட்டினார். "இதை முதல்லயே சொல்லக்கூடாதா வே?"

சலாவுதீன் அதற்குள் கீழே இறங்கத் தொடங்கியிருந்தார்.

மையவாடிச் சுவர் சரிந்து கிடந்தது. தேவதாருச் சருகுகள் கணுக்கால் வரை மூடின. பாதிக் கற்கள் சாய்ந்திருந்தன; சில இல்லவே இல்லை. இங்கே வந்து ஓத வேண்டியவர்கள் எல்லைக்கு அந்தப்பக்கம் போய்விட்டார்கள். சலாவுதீன் வரிசையை எண்ணவில்லை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து எத்தனை எட்டு என்பது காலுக்குத் தெரிந்திருந்தது. போய் நின்ற இடத்தில் கல் இருந்தது. பக்கவாட்டில் சாய்ந்து, பாசி பிடித்து, ஆனால் இருந்தது.

ஸலாம் சொல்லிவிட்டு மண்டியிட்டார். துண்டால் பாசியைத் துடைத்தார்.

பின்னால் தலைவர் தொண்டையைச் செருமினார். நூல் மாலை வந்து கல்லின் மேல் விழுந்தது. காகிதம் விரிந்தது. "பேரரசுகள் வரும், போகும். ஆனால் இந்த மாதரசி..." என்று உரை தொடங்கியது. குழு கைகட்டி நின்றது.

வள்ளித்தாய் மாலையைச் சரிசெய்யக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். துடைத்த இடத்தில், கோணல் மாணலாக, தமிழ் எழுத்து. மகபூப் பீவி. சங்கரன்கோவில்.

அவள் சலாவுதீனைப் பார்த்தாள். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது, கண் மூடியிருந்தது, தாடி நனைந்திருந்தது. அவள் மெல்ல நகர்ந்து, கல்லுக்கும் கணவருக்கும் நடுவில், சேலைத் தலைப்பை விரித்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

யாசீனை நிறுத்தி ஓதக் கால்மணி நேரமாவது வேண்டும். தலைவர் பஸ்ஸை நினைத்து ஏழாவது நிமிஷத்தில் காகிதத்தை மடிக்கப் போனார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் கொஞ்சம் பேசுங்க" என்றாள் வள்ளித்தாய்.

இருபத்தாறு வருஷ இல்லறத்தில் தலைவர் கேட்டறியாத வாசகம் அது. அவர் கண் கலங்கியது. காகிதத்தைப் பையில் போட்டுவிட்டு, மனசிலிருந்து பேசினார். இந்த அம்மை மக்களுக்காக வாழ்ந்தாள் என்றார். பனிக்கும் குளிருக்கும் அஞ்சாதவள் என்றார். பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வந்து படுத்திருப்பவளுக்கு யார் துணை என்று கேட்டார். அந்த இடத்தில் குரல் உண்மையாகவே உடைந்தது. சலாவுதீன் இரண்டு கைகளையும் ஏந்தி துஆ கேட்டு, முகத்தில் தடவிக்கொண்டபோதுதான் வள்ளித்தாய் சால்வை நுனியை இழுத்தாள்.

பஸ் மலை இறங்கியது. தலைவர் நோட்டை விரித்தார். யாத்திரை மலர் ஒன்று அச்சிடுவதாக ஏற்பாடு.

"வே, அந்த மொகலாய அம்மா பேரு என்ன? எந்த பாதுஷாவுக்கு என்ன முறை வேணும்?"

ஏதாவது சொல்லி வைத்திருக்கலாம். ஊரில் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் வேறு யாரோ ஒருத்தியாக அவள் அச்சேறுவதில் சலாவுதீனுக்குச் சம்மதமில்லை.

"மகபூப் பீவி. பாதுஷாவுக்கு ஒரு முறையும் கிடையாது அண்ணாச்சி. எம் பெண்டாட்டி. நான் பாக்கணும்னு சொன்ன ஆளு அவதான்."

தலைவர் பேனாவை மூடினார். கோபம் வரும் என்று சலாவுதீன் காத்திருந்தார்.

"அவ்வளவு பேசினேனே வே" என்றார் தலைவர் தாழ்ந்த குரலில். "அதுல எதாச்சும் ஒண்ணு சரியா இருந்துச்சா?"

சலாவுதீன் யோசித்தார். "மக்களுக்காக வாழ்ந்தான்னு சொன்னீங்க. அப்படி ஒண்ணும் இல்ல. எனக்குச் சோறு பொங்கிப் போட்டா. குளிருக்கு அஞ்சமாட்டான்னீங்க. அது சுத்தத் தப்பு அண்ணாச்சி. குளிரே அவளுக்கு ஆகாது. நம்ம ஊரு வெயிலை நெனச்சு அழுவா. அடுப்புச் சாம்பலைச் சூட்டோட துணியில கட்டிக் கொடுப்பேன், காலடியில வச்சுக்கிடுவா." பாசி ஒட்டிய துண்டை மடித்து வைத்தார். "யாரு துணைன்னு கேட்டீங்கள்லா? அது சரி."

முன் இருக்கையிலிருந்து வள்ளித்தாய் திரும்பினாள். "பிள்ளை ஏதும் இருந்துச்சா தம்பி?"

"பொம்பளப் பிள்ளை மதினி. ஒரு ராத்திரி இருந்தா. மறுநாள் அதே குழியைத் திறந்து, பக்கத்துலயே வச்சேன்."

"பேரு?"

"வைக்கல்ல."

குழந்தைகளுக்குப் பெயர் சூட்டுவதில் சுற்றுவட்டாரத்தில் தலைவரை மிஞ்ச ஆள் கிடையாது. மேலநீலிதநல்லூர் வரைக்கும், கூப்பிடாத வீட்டுக்கும் போய்ச் சூட்டிவிட்டு வருவார். கையிருப்பில் எப்போதும் முப்பது பெயர் இருக்கும். இப்போது அவர் வாயைத் திறந்தார். சலாவுதீனின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.