பெருக்கல் போட்ட முழங்கால்

1
ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு தவற்றில் பிறந்தது. யோசனை அக்காவுடையது, பேனா பிடித்த கை என்னுடையது.

முதல் தொடக்கம்: ‘அறுவை அரங்கின் வெண்ணொளியில் அவள் விழிகள்...’ வேண்டாம். அக்கா தையல்காரி, ஜவ்வாக இழுத்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவாள்.

2
இழுக்காமல் சொல்கிறேன். அக்காவின் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்திருந்தது. சிறு துளை போட்டு, கேமரா விட்டுச் சரிசெய்வார்கள். அறுவைக்குப் பிறகும் வலி தெரியாமலிருக்க, மயக்க டாக்டர் முன்கூட்டியே தொடையில் ஊசி போட்டு நரம்பை மரத்துப்போக வைப்பார். அக்காவின் பயமெல்லாம் ஒன்றுதான்: கால் மாறிவிட்டால்?

கிளம்பும்போது பேனாவை நீட்டினாள். “இடது முட்டியில பெருக்கல் போடுடா.”

“அது நல்ல காலாச்சேக்கா?”

“அதான் போடச் சொல்றேன்.”

(துணியின் தப்புப் பக்கத்தில், அதாவது உட்புறத்தில், தையல்காரர்கள் சாக்குக்கட்டியால் பெருக்கல் போடுவார்கள். இங்கே வேலை இல்லை என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் அதையே ‘இங்கேதான் வேலை’ என்று படிப்பார்கள் என்பது எங்கள் இரண்டு மண்டைக்கும் உறைக்கவில்லை.)

3
ஊசி அறையில் நான் இல்லை. அக்கா சொன்னதுதான்.

சர்ஜன் வலது தொடையில் போட்ட அம்புக்குறி போர்வைக்குள் இருந்தது. வெளியே தெரிந்தது என் பெருக்கல். அதைப் பார்த்து நர்ஸ் ஊசிக்காக இடது தொடையை மருந்தால் துடைத்துவிட்டார். (அவரை அவசரக்குடுக்கையாக எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். குற்றம் எங்களுடையது.) மருந்தேற்றிய ஊசியை எடுத்த மயக்க டாக்டரம்மா, அதைத் தட்டில் திரும்ப வைத்தார்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் நில்லுங்க. அம்மா, எந்தக் கால்? நீங்களே தொட்டுக் காட்டுங்க.”

அக்கா வலதைத் தொட்டாள்.

“அப்ப இது?”

“அது தப்புப் பக்கம், டாக்டரம்மா.”

போர்வையை விலக்கி அம்புக்குறியைப் பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிரித்தனவாம். பெருக்கலை அவரே துடைத்தார்.

4
அன்று மாலை அக்கா தன் வலது காலைக் கிள்ளிப் பார்த்தாள். “யாரோட காலோ மாதிரி இருக்குடா. வலியே இல்ல.” பிறகு அழுதாள். கேட்காமல் விட்டிருந்தால் நல்ல கால் மரத்துக் கிடக்க, வெட்டுப்பட்ட கால் உயிரை வாங்கியிருக்கும்.

அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் காலத்துக்கும் நன்றியோடிருப்பேன்.

5
முடிவு ஒன்று: அக்கா டாக்டரம்மாவைத் தேடிப்பிடித்து...

நடக்கவில்லை. முகம் தெரியாது. டிஸ்சார்ஜ் தாளில் அவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இருப்பது கிறுக்கல். ஆனால் அறுவை அரங்கில் டாக்டர்கள் போடும் தொப்பி ஒன்று தைத்து வைத்திருக்கிறாள். உட்புறத்தில் நூலால் சின்னதாக ஒரு பெருக்கல்.

அதை உங்களிடம் தருகிறேன். என்றைக்காவது உங்களையும் அந்த அறையில் படுக்கவைத்தால், ஊசியைக் கீழே வைத்துவிட்டு “எந்தக் கால்?” என்று யார் கேட்கிறாரோ, அவரிடம் கொடுத்துவிடுங்கள்.