வேலை முடிந்த வண்டிக்கு அடியில்

என் வீட்டுக்காரருக்கு இந்த வட்டாரத்தில் லாரி என்று பெயர். நூற்று முப்பத்தெட்டுக் கிலோ இருந்த காலத்தில் யாரோ வைத்தது. இப்போது எண்பத்தாறு. ஆள் இளைத்தாரே தவிர பெயர் இளைக்கவில்லை. "லாரி இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு வருகிற புது ஆட்கள், உள்ளேயிருந்து எழுந்து வருகிறவரைப் பார்த்துவிட்டு அவருக்குப் பின்னால் இன்னொருவரைத் தேடுவார்கள்.

எங்களுக்குக் கார் ரிப்பேர் ஷெட். அவர் உள்ளே வண்டி பார்ப்பார். நான் வாசல் பக்கம் கவுண்டரில் உட்கார்ந்து வண்டிக் கோளாறைக் குறித்துவைக்கும் ஜாப் கார்டு எழுதுவேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வண்டிக்கு என்ன என்று சொல்லத் தெரியாது. "ஒரு மாதிரி சத்தம் வருதும்மா" என்பார்கள். என்ன மாதிரி என்று கேட்டால் வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டுவார்கள். இந்தக் கச்சேரியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அவர் ஒரு தாளில் கேள்விகளை எழுதி என் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். சத்தம் எப்போது வருகிறது, நிற்கும்போதா ஓடும்போதா, கிளப்பியதுமா சூடேறிய பிறகா, என்ன செய்தால் நிற்கிறது.

"கடைசிக் கேள்விதான் உசுரு" என்பார். "எப்ப வருதுன்னு எல்லாரும் சொல்லிடுவாங்க. எப்ப நிக்குதுன்னு சொல்றவன்தான் வண்டியைக் கவனிச்சு ஓட்டுறவன்."

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனது நான்தான். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரும். நின்றால் நான் எண்ண ஆரம்பிப்பேன். ஒருமுறை இருபத்தாறு வரை எண்ணிவிட்டு, பயத்தில் அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். பகலில் வேலையும் ஓடவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து நகரும் சக்கரப் பலகை அவர் கனத்தில் இரண்டு தடவை உடைந்தது. என் நாத்தனார் மட்டும் ஆபரேஷன் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "அண்ணி, நல்லா இருக்குற மனுஷனை ஏன் அறுக்கக் குடுக்குறீங்க?" என்றாள். நல்லா இருக்கிற மனுஷனுக்குப் பக்கத்தில் படுத்து எண்ணுகிறவள் அவள் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. மூச்சு சீரானது, சர்க்கரை இறங்கியது. மூன்று தடவை பேண்ட் அளவைக் குறைத்தோம். ஏழாவது மாதம் தலைவலி வந்தது.

அவருக்குத் தலைவலி புதிதல்ல. பதினைந்து வயதிலிருந்து ஒற்றைத் தலைவலிக்காரர். மாதத்துக்கு இரண்டு முறை இடது கண்ணுக்குப் பின்னால் கிளம்பும், வெளிச்சம் ஆகாது, வாந்தி வரும். படுத்தாலும் உட்கார்ந்தாலும் ஒரே இடிதான். அரை நாள் இருந்துவிட்டுப் போய்விடும். அதுதான் மறுபடி வருகிறது என்று நினைத்தோம். ஆனால் மாதத்துக்கு இரண்டு என்பது வாரத்துக்கு இரண்டானது, பிறகு தினமும் வந்தது. வழக்கமாகப் போடுகிற மாத்திரையைப் போடலாமென்றால், சுருக்கிய வயிற்றில் அது புண்ணாக்கும், தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அனுமதித்த மாத்திரையோ தண்ணீரைக் குடித்த மாதிரி இறங்கிப் போனது. ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டதற்குத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள், சத்து மாத்திரையை மாற்றினார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்து எல்லாம் சரி என்றார்கள். எல்லாம் சரியாக இருந்த மனுஷன் மதியம் ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"தலைவலி போய் திருகுவலி வந்த கதையைக் கேட்டிருக்கேன்" என்றாள் நாத்தனார். "உடம்பு போய் தலைவலி வந்த கதையை இங்கதான் பாக்குறேன்."

அவள் சொன்னதைத்தான் நானும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சுருக்கிய வயிற்றை இனி விரிக்க முடியாது. வலி அதனால்தான் என்றால், ஆயுசு முழுக்க அதை அவர் தலையில் கட்டிவிட்டவள் நான். அவர் ஒரு நாள் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். அவர் சொல்லவே இல்லை.

ஒரு சனிக்கிழமை கையைத் துடைத்துக்கொண்டே வந்து கவுண்டரில் சாய்ந்தார்.

"மாசக் கடைசியோட ஷெட்டை மூடிடலாம்னு பாக்குறேன்."

"என்ன பேச்சு இது?"

"நின்னு வேலை பாக்க முடியலம்மா. நேத்து ஒரு பிரேக்கை மாட்டிட்டு, மாட்டினேனான்னு மூணு தடவை பிரிச்சுப் பாத்தேன். என் தலைவலிக்கு இன்னொருத்தன் போய் மரத்துல மோதக் கூடாது."

மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தன் காரை எடுத்துப் போக வந்தார். முந்தின நாளே வேலை முடிந்து, நானே கார்டில் 'முடிந்தது' என்று எழுதி வைத்த வண்டி. சாவியோடு அவரை உள்ளே அழைத்துப் போனால், வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. எங்கள் லாரியின் கால்கள்.

"இன்னும் முடியலையா?" என்றார் வாத்தியார், கொஞ்சம் கலவரமாக.

"முடிஞ்சுது சார். கடைசியா ஒரு தடவை பாக்குறாரு" என்று சொல்லி அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு வந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குனிந்து பார்த்தேன். விளக்கு எரியவில்லை. கையில் ஸ்பேனர் இல்லை. பலகையில் மல்லாந்து, மார்பில் கைகளைக் கோத்துக்கொண்டு, கண்ணை நன்றாகத் திறந்து ஆயில் சேம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க? தூங்குறதுக்கு வேற இடம் கிடைக்கலையா?"

"தூங்கல."

"பின்ன?"

ஆயில் சேம்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "இங்க வலிக்கல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. வாத்தியார் நினைவு வந்தது. வீட்டுக்காரரை எழுப்பி, வண்டியை அனுப்பிவிட்டுத் திரும்பினால், அந்தப் பத்து நிமிடத்துக்குள் பிடரியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இங்க வலிக்கல என்று சொன்ன அதே ஆள்.

நான் கவுண்டருக்குப் போய் ஒரு புது ஜாப் கார்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"படுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"வண்டியை உள்ள விடுங்கன்னா விடணும். எதுக்குன்னு கேக்கக் கூடாது."

பலகையில் படுத்தார். நான் பக்கத்தில் ஒரு டயர் மேல் உட்கார்ந்தேன்.

"எப்ப வருது?"

"ஏய், என்ன விளையாடுறியா?"

"எப்ப வருது? நிக்கும்போதா, ஓடும்போதா?"

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "எந்திரிச்சா வருது" என்றார் மெதுவாக. "எந்திரிச்சு ஒரு பத்து நிமிஷம்."

"காலைல கிளப்பினதுமா?"

"படுக்கையில இருக்குற வரைக்கும் இல்ல. பல்லு விளக்கும்போது ஆரம்பிக்குது. மதியத்துக்கு மேல தாங்கல."

"எந்தப் பக்கம்?"

"பின்னாடி. பிடரியில." கொஞ்சம் யோசித்தார். "பழசு எப்பவும் இடது கண்ணுல வரும். காதுல வேற தண்ணி அடைச்ச மாதிரி இருக்கு. என் தங்கச்சி போன்ல கத்துனாக்கூட மெதுவாத்தான் கேக்குது."

"என்ன செஞ்சா நிக்குது?"

மேலே கார் இல்லை; வெறும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி, தான் விழுந்த பானையை அப்போதுதான் பார்த்தது.

"இது வேற வலி" என்றார். "மூணு மாசமா வண்டிக்கு அடியிலேயே கிடந்திருக்கேன், எனக்குத் தோணவே இல்ல பாரு. வேலையில கவனம் போனா வலி தெரியலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ ஆபரேஷனை நினைச்சு அழுவே."

அழுதேன். அதற்காக அவர் எழுந்திருக்கப் பார்த்தார். "எந்திரிக்காதீங்க!" என்று நான் போட்ட அதட்டலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நரம்பு டாக்டரம்மாவிடம் அந்த ஜாப் கார்டைத்தான் கொடுத்தேன். வண்டி எண் என்ற இடத்தில் அவர் வயதை எழுதியிருந்தேன். டாக்டர் சிரிக்காமல் இரண்டு தடவை படித்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் படுக்கச் சொல்லி, உட்காரச் சொல்லி, நிற்கச் சொல்லி, தலையை ஸ்கேன் எடுக்க அனுப்பினார்.

"மூளையும் முதுகுத்தண்டும் ஒரு தண்ணிக்குள்ள மிதக்குது" என்றார் மறுநாள், படத்தைக் காட்டி. "அதைச் சுத்தி ஒரு உறை இருக்கு. அதுல எங்கயோ கசியுது. தண்ணி குறைஞ்சா, நிக்கும்போது மூளை கீழ இறங்குது. அதான் வலி. படுத்தா சரியாயிடுது."

"ஆயில் லீக்" என்றார் இவர்.

"அப்படியே வச்சுக்கோங்க. உங்க ரத்தத்தையே கையிலேருந்து எடுத்து, முதுகுல அந்த உறைக்கு வெளியில ஊசியால விடுவோம். பெரும்பாலும் அடைச்சுக்கும். சிலருக்கு ரெண்டாவது தடவை தேவைப்படும்."

"பஞ்சர் ஒட்டுறீங்க."

"ஆமா, ஒட்டுறோம்" என்றார் டாக்டர், இப்போது சிரித்து.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "இது அந்த ஆபரேஷனாலயா டாக்டர்?"

அவர் சுற்றி வளைக்கவில்லை. "எடை வேகமா குறைஞ்ச சிலருக்கு இது வருது. ஏன்னு உறுதியா தெரியாது. இவருக்கும் அதனால இருக்கலாம்."

எது வந்துவிடக் கூடாதென்று மாதக்கணக்காக நடுங்கினேனோ அது வந்துவிட்டது. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர், பேச்சு அவரிடம், கண் என்னிடம். "இஞ்சினையே இறக்கி வேலை பாத்த வண்டி வெளிய வந்ததும் எங்கயாவது ஒரு இடத்துல கசியும். அந்த ஒரு போல்ட்டை முடுக்கி அனுப்புவோம். அதுக்காக இஞ்சின் வேலை பாத்தது தப்புன்னு எந்த மெக்கானிக்கும் சொல்ல மாட்டான். வேலை பாக்கலேன்னா அந்த வண்டி இன்னிக்கு ரோட்டுலயே இருக்காது."

டாக்டர் என்னிடம் ஒரு டிஷ்யூவை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு எடுத்துக்கொண்டேன்.

ஒட்டு ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் முழுக்க அசையாமல் படுக்க வைத்தார்கள். பிறகு எழுந்து நின்றவர், பத்து நிமிடம் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது ஆயிற்று. அரை மணி ஆயிற்று. "பசிக்குதும்மா" என்றார். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது என்பதால் அவர் கவுண்டரில் உட்கார்ந்து என் உயிரை வாங்கினார். நான் எழுதிய கார்டுகளில் எழுத்துப் பிழை கண்டுபிடித்தார். மாதக் கடைசி வந்து போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ஒட்டுப் போட்ட மூன்றாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. ஷெட்டுக்குள் வேலையாக இருந்தவர் வேலையை நிறுத்திவிட்டுத் தலையைப் பிடித்தார். கவுண்டரிலிருந்து பார்த்துவிட்டேன். எதிரே வண்டிச் சத்தத்தை வாயால் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தவரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"வலிக்குதா?"

தலையாட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"படுங்க. உடனே படுங்க."

பலகையில் படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் அதே டயர் மேல் உட்கார்ந்து, தூக்கத்தில் மூச்சை எண்ணின காலம் போல எண்ண ஆரம்பித்தேன். நிமிடங்களை எண்ணினேன். ஐந்து. பத்து. கசிவு திரும்பியிருந்தால் இதற்குள் வலி இறங்கியிருக்கும். கேட்கப் பயமாக இருந்தது. பதினைந்து. இருபது.

"என்னங்க... இப்ப எப்படி இருக்கு?"

"அப்படியேதான்."

"குறையலையா?"

"துளிகூட இல்ல." ஒரு கண்ணை மட்டும் திறந்தார். வலது கண். இடது கண்ணை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, வெளிச்சம் தாங்காமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தார். "இந்தா, படுத்தாலும் வலிக்குதும்மா!"

நான் டயரிலிருந்து இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "நிஜமாவா? இடது கண்ணுலயா?"

"இடது கண்ணேதான். பழைய ஆளேதான். வாந்தி வருது, வாளியை எடு."

வாளியை எடுக்க ஓடினேன். கவுண்டரில் நின்றவர், "வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்று பதறினார்.

"ஆமா சார்" என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. "பயங்கரத் தலைவலி."