அம்மாவுக்குத் தெரிந்த முகம்

என் அம்மா ரெபேக்காளுக்கு போட்டோ என்றாலே ஆகாது. எடுத்துக் காட்டினால், "இது நானே இல்லட்டி ஜெனி, மூஞ்சி கோணலா இருக்கு, அழிச்சிரு" என்பாள். அழகாகத்தானே இருக்கிறாள், ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தென்காசி வீட்டில் நினைவு ஜெபம். மாட்டுவதற்கு உருப்படியாக இருந்தது ஒரே படம்தான். ஐந்தருவியில் அவளே செல்ஃபி எடுத்து, "இது நல்லா இருக்கு" என்று குடும்ப குரூப்பில் போட்டது.

புரோகிராம் எழுதிச் சம்பாதிக்கிற நான் இதற்குப் போய் ஸ்டுடியோவில் நிற்பேனா? படம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ரொட்டேட் ஃபங்ஷனில் தப்புப் பக்கம் திருப்பி முதலில் அம்மாவைத் தலைகீழாக நிறுத்தினேன். அதைச் சரிசெய்து உயரத்தை மட்டும் கூட்டினால், அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஒங்கம்மை இவ்வளவு ஒல்லியா எப்பம்ட்டி இருந்தா?"

அகலத்தையும் அதே விகிதத்தில் கூட்டினேன். அப்பா விடவில்லை.

"முந்தானை வலது தோள்ல கெடக்கு பாரு. ஞாயித்துக்கெழம வாற பொம்பளையோ இதத்தான் மொதல்ல பாப்பாவோ."

பின்னால் பழக்கடை போர்டின் எழுத்தும் இடவலம் மாறியிருந்தது. செல்ஃபி என்பதால், கண்ணாடியில் தெரிகிற மாதிரியே இடவலம் மாற்றிப் படத்தைச் சேமித்திருக்கிறது போன். இடவலம் திருப்ப, ஃப்ளிப் என்று ஒரு வரி எழுதினேன். எழுத்து நேரானது, முந்தானை இடது தோளுக்கு வந்தது.

"இதாம்லா ஒங்கம்மை" என்றார் அப்பா.

அதோடு மூடியிருக்கலாம். எனக்குத்தான் குடைச்சல் விடாதே. இரண்டு படங்களையும் அருகருகே வைத்தேன். திருப்பாத படத்தில் வகிடு அந்தப் பக்கம், சிரிப்பு இந்தப் பக்கம், அம்மாவின் தங்கை மாதிரி யாரோ. ஆனால் அம்மாவுக்குப் பிடித்தது அதுதானே?

போனின் பின்பக்கக் கேமராவில் என்னை ஒரு படம் எடுத்துக்கொண்டு முன்னறை பீரோ கண்ணாடி முன்னால் போய் நின்றேன். கண்ணாடியில் இருந்தது நான். படத்தில் இருந்தவளுக்கு மூஞ்சி கோணல்.

அம்மா தன்னைக் கண்ணாடியில் மட்டுமே பார்த்தவள். படத்தில் நாங்கள் காட்டியது அவளுக்கு யாரோ. நல்லா இருக்கு என்று நாங்கள் சொன்னதையெல்லாம் பொய் என்று நினைத்தே போய்விட்டாள். அழுகை வந்தது.

அப்பாவிடம் சொன்னேன். திருப்பாத படத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அவளுக்குப் புடிச்சதையே போடுட்டி."

"முந்தானை?"

"பேசுதவோ பேசட்டும்."

சனிக்கிழமை அந்தப் படம் சட்டம் போட்டு வந்தது. வேத வசனம் மாட்டியிருந்த வழக்கமான சுவரை விட்டுவிட்டு, பீரோவுக்கு நேர் எதிர்ச் சுவரில் அப்பா ஆணி அடித்தார். படத்தை மாட்டினார். நாற்காலியைப் படத்துக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"ஜெனி, இங்கன வந்து பாரு."

பீரோ கண்ணாடியில் பழக்கடை போர்டு நேராக இருந்தது. முந்தானை இடது தோளில். எங்கள் பக்கம் பார்த்து, எப்போதும் சிரிக்கிற அந்தப் பக்கமாகவே அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.