டையோடு வைத்த ஆம்ப்ளிஃபையர்

கெப்பாசிட்டர் வெடித்தபோது நாகையா வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒற்றைக் கால் சப்பாத்தோடு உள்ளே ஓடினான். மேசைமேல் புகை. மனைவி சந்திரகலாவின் தலைமுடியில் அதிலிருந்து தெறித்த காகிதத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

“ஒண்ணும் ஆகலங்க. தள்ளிதான் நின்னேன்.”

அவன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பேசினான். “ரிப்பேர் கடைக்காரனே இந்த ஆம்ப்ளிஃபையர தூக்கிப் போடச் சொல்லிட்டான். உனக்கு எதுக்கு லா இது?”

அவள் தலையிலிருந்த துணுக்குகளைத் தட்டிவிட்டாள். சுங்கை வே எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் பல வருடம், தன் முன்னால் வந்த ஒவ்வொரு சர்க்யூட் பலகையிலும் அதே இரண்டு கால்களுக்கு ஈயம் வைத்தவள். அந்தப் பலகை எந்தப் பெட்டிக்குள் போய் என்னவாகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. எண்பத்தைந்தாம் வருடம் வேலை குறைந்து லைனை மூடி, பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிள்ளான் வீட்டில், கேரி தீவுத் தோட்ட கிளப்பின் பழைய சாமான்களோடு நாகையா எப்போதோ வாங்கிவந்த வால்வு ஆம்ப்ளிஃபையர் துருப்பிடித்துக் கிடந்தது. மூடியின் உட்புறம் அதன் வரைபடம் ஒட்டியிருந்தது. டிரான்ஸ்ஃபார்மர்களையும் நல்ல வால்வுகளையும் எடுத்துக்கொண்டு, புது அலுமினியத் தகட்டில் முதலிலிருந்து கட்டத் தொடங்கினாள். மின்சாரத்தை நேராக்கும் வால்வு மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் டையோடு வைத்தாள்.

“திங்கக்கிழமை கிளவுஸ் ஃபேக்டரியில வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. சொல்லி வச்சது நான்,” என்றான் நாகையா.

“போறேன். போகமாட்டேன்னு சொன்னேனா?”

மறுநாள் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பழைய வால்வு மெல்லச் சூடேறித்தான் மின்சாரத்தை விடும். டையோடு காத்திருக்காது. மற்ற வால்வுகள் விழிப்பதற்குள் மொத்த வோல்ட்டும் கெப்பாசிட்டர்மேல் ஏறிவிடுகிறது. புரிந்ததும் சிரிப்பு வந்தது. பிறகு, வெடித்த கெப்பாசிட்டரைக் காணவில்லை என்பதைக் கவனித்தாள். அவர் தூக்கி எறிந்திருப்பார் என்று நினைத்துக் குப்பைக்கூடையைக் கிளறினாள்.

சாயங்காலம் லோரியை நிறுத்திவிட்டு வந்த நாகையா, ஒரு காகிதப் பையை மேசைமேல் வைத்தான்.

“பூடு டவுன் பக்கம் லோட் இருந்திச்சி. வெடிச்சத அங்க சாமான் கடைத் தவுக்கேகிட்ட காட்டினேன். இதவிட அதிகமா தாங்குறது வேணும்னேன். சரியான்னு பாரு.”

சரியாக இருந்தது. அவள் ஈயம் வைத்து முடிக்கும்வரை அவன் உட்காரவே இல்லை. வானொலியையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் பொருத்தி, “போடுங்க” என்றாள். அவன் மெயின் சுவிட்சைப் போட்டு, கையை அதன் மேலேயே வைத்திருந்தான். வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

இடதுபக்க ஸ்பீக்கரில் யாரோ பிறந்தநாள் வாழ்த்து வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்தப் பக்கம் ஏன் பேசல?”

“அந்தப் பக்கத்துக்கு இன்னும் கட்டல. திங்கக்கிழமைக்குள்ள முடியாது.”

“மெதுவா கட்டு.”

தைப்பிங்கில் ஒரு குழந்தை, சிரம்பானில் ஒரு தாத்தா. பெயருக்கும் பெயருக்கும் நடுவே அறிவிப்பாளர் மூச்சிழுப்பது கேட்டது, தாளைப் புரட்டுவதும். முன்பின் தெரியாதவர்களின் பெயர்களை இருவரும் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.