மணி அடித்தால் ஒதுங்க வேண்டும்

ஆறரைக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். நேற்றுத் துவைத்த சட்டை காயவில்லை. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே காயவைத்தேன். ரொட்டியை நின்றபடி தின்றேன். சைக்கிள் டயரை அழுத்திப் பார்த்தேன். காற்று இருந்தது. எட்டேகாலுக்குக் கதவைப் பூட்டினேன்.

பதினோரு மாதமாக இதே வரிசைதான். இன்று மட்டும் பல்செட் செய்யும் பட்டறைக்குப் போகவில்லை. லீவு கேட்டபோது முதலாளி காரணம் கேட்கவில்லை. என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் சேர்ந்து பயன்படுத்தும் பாதைகளுக்காகச் சட்டத்தைத் திருத்த ஒரு குழு போட்டிருக்கிறார்கள். பழைய சட்டத்தில் அப்படி ஒரு பாதையே கிடையாது. கால்வாய்க்கரைப் பாதையில் சைக்கிள் மோதி என் மனைவி இறந்த அன்று, போலீஸ்காரர் புத்தகத்தை மூன்று தரம் புரட்டினார்.

"சைக்கிளும் குதிரை வண்டியும் ஒரே பத்தியில இருக்கு தம்பி. நான் என்னத்த எழுத?"

"அவளுக்கு மணி கேட்கல" என்றேன். ஆஸ்பத்திரி நடைவழியில் மாமனார் சொல்லிக்கொடுத்தது அது. போலீஸ்காரர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு வரி குட்டி போட்டது. 'மணி கேட்கவில்லை' என்பது குழுவின் கோப்பில் 'மணியைக் கவனிக்கவில்லை' ஆனது. இப்போது வரைவில் பதினான்காம் விதியாக நிற்கிறது: பின்னாலிருந்து மணி ஒலித்தால் பாதசாரி ஓரம் ஒதுங்க வேண்டும், ஒதுங்காவிட்டால் தவறு அவருடையது.

கருத்துக் கேட்பு நடக்கும் மண்டப வாசலில் மாமனார் காத்திருந்தார். கையில் தட்டச்சு செய்த ஒரு தாள்.

"மாப்பிள்ளை, இதை அப்படியே படிச்சிட்டு இறங்கிடுங்க. ரெண்டே நிமிஷம்."

'இந்த விதி அன்று இருந்திருந்தால் என் மனைவி இன்று உயிரோடு இருப்பாள்' என்று ஆரம்பித்தது.

"யார் எழுதினது?"

"குழுச் செயலாளர். தங்கமான மனுஷன். விதிக்கு நம்ம பொண்ணு பேரையே வைக்கலாம்ங்கிறார்."

"மாமா, அவளுக்கு மணி கேட்டுச்சு."

"எனக்குத் தெரியாதா? அடுத்த தெருவுல நான் திருட்டுத்தனமா சிகரெட் பத்த வெச்சா, தீப்பெட்டி சத்தம் கேட்டு வந்து நிப்பா." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அதை மைக்கில சொன்னா என்ன ஆகும்? திமிர் பிடிச்சவ, வேணும்னே நின்னு செத்தான்னு பேசுவாங்க."

"பேசட்டும்."

"உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க. பழி என் பொண்ணு மேலதானே விழும்."

அவர் சொன்னது நியாயம். தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த சைக்கிள் சங்கத்துக்காரர் பேசிக்கொண்டிருந்தார். "நடக்கிறவங்க ஒதுங்கினாப் பாதி விபத்து குறையும்ங்க."

பின் வரிசையிலிருந்து ஒரு பெண்: "மணி அடிச்சா எந்திரிச்சு ஓட நாங்க என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களா?"

கூட்டம் சிரித்தது. அடுத்து என்னை அழைத்தார்கள்.

குழுத் தலைவி கனிவாகப் பார்த்தார். "உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது. படிங்க."

தாளை நான்காக மடித்து மேஜையில் வைத்தேன்.

"இது என் பேச்சு இல்லைங்க. நானும் சைக்கிள் ஓட்டறவன்தான், வெளியில நிக்குது. பின்னாடி வர்றவனுக்கு முன்னாடி போறவளைத் தெரியும். அவளுக்கு முதுகுல கண் கிடையாது. வேகத்தைக் குறைக்கிறது ஓட்டறவன் பொறுப்புன்னு எழுதுங்க. பதினாலை அடிச்சிடுங்க."

செயலாளர் கோப்பைப் புரட்டினார். "உங்க மனைவிக்கு மணி கேட்கலைன்னு நீங்களே வாக்குமூலம் கொடுத்திருக்கீங்களே?"

"பொய் சொன்னேன். அந்தப் பொய் மேலதான் இந்த விதியைக் கட்டியிருக்கீங்க. பிரிச்சுப் போடுங்க."

"பொய் வாக்குமூலம் குற்றம், தெரியுமில்ல?" என்றார் தலைவி. கனிவு போயிருந்தது.

"தெரியும். அதுக்குக் கட்டாயம் ஒரு சட்டம் வெச்சிருப்பீங்க. தேடி எடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் வரிசையிலிருந்து மாமனார் எழுந்தார். வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். முன்னால் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

"அப்போ அன்னிக்கு என்னதான் நடந்தது?" என்றார் தலைவி.

சொன்னேன். மழை விட்ட சாயங்காலம். பாதை இரண்டு ஆள் அகலம், அதற்கு வெளியே சேறு. மணி அடிக்கும்போதெல்லாம் நாங்கள் சேற்றில் இறங்கினோம், ஏறினோம். மறுபடி மணி அடித்தது. நான் இறங்கிவிட்டேன். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டுப் பாதையிலேயே நின்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நீங்க வேணும்னா சேத்துல நில்லுங்க. ஆறு தடவை ஒதுங்கியாச்சு. இந்தத் தடவை அவன் ஒதுங்கட்டும்."