மருந்துக்கு மசியாத புழு

தென்கோளத்துக் கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த வைரோவா மலைச்சரிவுகளில் மார்ச் மழை இறங்கியதும், புல் மளமளவென்று கணுக்கால் உயரம் வந்துவிட்டது. ஊரே மகிழ்ந்தது. ஆட்டுப்பண்ணை வைத்திருந்த ஹூயா மட்டும் குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தாள். சூடும் ஈரமும் சேர்ந்தால் ஆட்டுப் புழுக்கையிலிருக்கும் முட்டைகள் பொரிந்து, புழுக்கள் கண்ணுக்குத் தெரியாமல் புல் மேல் ஏறிவிடும்.

மேல் சரிவு ஒன்றுதான் சுத்தம். பழைய புல்லை உழுதுவிட்டு அங்கே ஆட்டுத் தீவனமாகச் சிக்கரி விதைத்திருந்தாள். ஓராண்டாக ஆட்டுக்கால் படவில்லை. தம்பி ஹேமி சந்தையில் வாங்கிய குட்டிகளை லாரியிலிருந்து நேராக அங்கேதான் இறக்கிவிட்டான்.

"பட்டியில அடைச்சு வைன்னு சொன்னேனா இல்லையாடா?"

"வித்தவனே பூச்சி மருந்து ஊத்திட்டானாம்க்கா. நீ என்ன ஏர்போர்ட்டு கஸ்டம்ஸா, ஒவ்வொண்ணையும் நிறுத்தி சோதிக்க?"

ஏப்ரலில் குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டது. வால் ரோமம் பச்சையாகக் கட்டிக்கொண்டது. ஹூயா தன் கையாலேயே மருந்து ஊற்றினாள். அதற்குப் பிறகும் வேலியோரம் குட்டிகள் செத்துக் கிடந்தன. புழுக்கையைச் சோதித்த கால்நடை மருத்துவர் போன் செய்தார்.

"முட்டை ஒண்ணும் குறையல, ஹூயா. மூணு மருந்து கலந்து ஊத்தியும் மசியல. இதுக்கு மேல ஊத்த இன்னும் மருந்து வரல."

"புல்லுல?"

"அங்கயும் இறங்கியிருக்கும். இனிமே அது உன் நிலத்துப் புழு."

ஹேமி அன்றே லாரிக்குச் சொல்லிவிட்டான். "பார்க்க நல்லா இருக்கறத சந்தைக்கு ஏத்திடலாம்."

"வாங்குறவன் என்ன ஆவான்?"

"நமக்கு வித்தவன் நம்மள நினைச்சானா?"

"கறி ஆலைக்கு அனுப்பு. மேய்ச்சலுக்கு ஒண்ணும் போகாது."

"எலும்பும் தோலுமா இருக்கு, ஆலைக்காரன் எடுப்பானா?"

லாரி வந்தபோது ஹூயா பட்டிக் கதவுக்குக் குறுக்கே நின்றாள். ஓட்டுநர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஹேமி எச்சிலைத் துப்பிவிட்டு காலி லாரியின் முன் இருக்கையில் ஏறிக்கொண்டான்.

"நிலத்த நீயும் புழுவுமே பாத்துக்கங்க."

அவன் திரும்பி வரவில்லை. குளிர்காலம் முடிவதற்குள் குட்டிகளில் பாதிக்கு மேல் குழிக்குப் போயின. மாடு மேய்ந்தால் அந்தப் புழு அதன் வயிற்றில் பிழைக்காது என்பதால், பக்கத்துப் பண்ணை மாடுகளை இரவல் வாங்கிச் சரிவில் மேயவிட்டாள். புல்லில் புழு கொஞ்சம் குறைந்திருக்கும். எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

செப்டம்பரில், கீழ் நிலங்களில் இருந்த அவளுடைய தாய் ஆடுகள் ஈன்றன. அங்கே கடிக்க ஒரு கைப்பிடி புல் இல்லை. பால் வற்றத் தொடங்கியது. மேல் சரிவில் மட்டும் சிக்கரி அகல அகலமாய் இலை விட்டிருந்தது.

பனி ஈரம் உலரும்வரை பொறுத்திருந்து, ஹூயா மேல் சரிவின் கதவைத் திறந்தாள். ஆடுகள் முட்டி மோதி உள்ளே ஓடின. அவற்றின் பின்னாலேயே, இன்னும் புல்லைத் தின்னத் தெரியாத குட்டிகளும் துள்ளிக்கொண்டு நுழைந்தன.