விரலை எடுத்தால்

...எடுக்கக் கூடாது, எடுத்தால் தீர்ந்தது, விரல் போதாது என்று உள்ளங்கையையே வைத்து அழுத்தினாள், மஞ்சள் பொத்தான் சுவரோடு பதிந்து நின்றது, சைரன் காதைப் பிய்த்தது, கதவின் சின்னக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேட்டரி அறை முழுக்கச் சாம்பல் நிறம். புகை. உள்ளே அவர். அவர் என்றால் அவள் புருஷன்... பேட்டரி மெக்கானிக், காண்ட்ராக்ட் ஆள், இன்றைக்கு இங்கேதான் வேலை என்று காலையில் கிளம்பியவர். கையை எடுத்தால் கூரையில் இருக்கிற குழாய்களெல்லாம் வாயைத் திறக்கும், வாயு இறங்கும், தீ மூச்சு முட்டிச் சாகும், கூடவே உள்ளே மூச்சு விடுகிற எதுவும். அவளுக்குத் தெரியாததா, இந்த டேட்டா சென்டரின் கண்காணிப்பு அறையில் உட்கார்ந்து திரைகளைப் பார்ப்பதுதானே உத்தியோகம். பயிற்சி கொடுக்க வந்த ஆள் சொன்னான், மாமியார் வாயைப் பொத்துற மாதிரிதாங்க இந்தப் பொத்தான், பொத்தியிருக்கிற வரைக்கும் அமைதி, கையை எடுத்தீங்க, விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிச்சிடும்... எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், இப்போது போய் அது ஏன் ஞாபகம் வருகிறது, அழுகை அல்லவா வர வேண்டும்.

வரவில்லை. உள்ளங்கையில் ஊசி குத்துகிறது, அவ்வளவுதான். முதல் மணி அடித்த உடனேயே போன் போட்டாளே... ஒரு புகைக்கருவி மட்டும் விழித்துக்கொண்டால் பேட்டரி அறைக்குள் வெறும் மணி, அவள் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி, இரண்டாவதும் விழித்தால்தான் சைரன், வாயு எல்லாம். புள்ளியைப் பார்த்ததும் அவரைக் கூப்பிட்டாள், எங்க இருக்கீங்க. பேட்டரி ரூம்லதான், வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன். டொக். வெளியே வாங்க என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் டொக். எப்போதும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான், சாப்டாச்சா, ஆச்சு, டொக். மணியை அவர் மதிக்கவில்லை போலிருக்கிறது, யார்தான் மதிக்கிறார்கள், தூசு தட்டினால்கூட அடிக்கிற மணி, நாய் குரைக்கிறது என்று விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இரண்டாவது புள்ளியும் சிவந்தபோது நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தாள், வந்து அழுத்தினாள், அழுத்திக்கொண்டே இடது கையால் மறுபடி மறுபடி கூப்பிட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை... மயங்கியிருப்பாரோ, போன் பக்கத்தில் துடிக்க, கண் மூடி...

தோளில் மாட்டியிருந்த வாக்கிடாக்கி கத்தியது. கீழே கார் நிறுத்துகிற இடத்தில் எல்லாரோடும் நிற்கும் மேனேஜர். "ஏம்மா, எதுக்கும்மா பிடிச்சிட்டிருக்க? ரூம் காலி, கார்டு பதிவு என் கையில இருக்கு. விடு, வாயு இறங்கட்டும்!" உள்ளே என் வீட்டுக்காரர் இருக்கார் சார் என்றாள், யாருடைய வீட்டுக்காரரையோ சொல்வது மாதிரி இருந்தது குரல். பதிவில் மேஸ்திரியின் கார்டுதானே உள்ளே போயிருக்கிறது, அது வெளியேயும் வந்தாச்சே, அந்த ஆள் சாப்பிடப் போயாச்சே என்றார் மேனேஜர். ஒரே கார்டுல நாலு பேர் போவாங்க சார், மேஸ்திரி தேய்ப்பார், மத்தவங்க கதவைப் பிடிச்சிக்கிட்டே பின்னால நுழைவாங்க, நம்ம எல்லாருக்கும் தெரியும் சார்... தெரியும். போன வாரம் அவள் புருஷனே அப்படித்தான் நுழைந்தார், அவள்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தீயணைப்பு வண்டி சிக்னல்ல நிக்குதாம்" என்றார் மேனேஜர், "பின் சுவர் தாங்காதும்மா, அதுக்கு அந்தப் பக்கம் சர்வர் ஹால்... ஆஸ்பத்திரி டேட்டா பூரா அங்கதான் கெடக்கு." தெரியும், யாருக்கு என்ன ரத்தம், யாருக்கு எந்த மருந்து ஆகாது, யாருக்கு நாளைக்குக் கத்தி வைக்கப்போகிறார்கள், எல்லாம் அந்தச் சுவருக்குப் பின்னால். இத்தனை பேரையும் ஒரு தட்டில் வைத்து, புருஷனை இன்னொரு தட்டில் வைத்து... வைத்துப் பார்த்தால் நெஞ்சில் எதுவும் இறங்கவில்லை, ஏறவுமில்லை. இது பாசமா, பயிற்சியா? பாசம் என்றால் இப்படியா இருக்கும், பல் பிடுங்கியபிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யார் கன்னமோ மாதிரி...

மீசை வந்தது அப்போதுதான். வாசல் செக்யூரிட்டி, மீசையை எடுத்து வருஷக்கணக்காகிறது, பேர் மட்டும் போகவில்லை. கீழே போய் எல்லாரையும் எண்ணிவிட்டு, அவள் ஒருத்தி குறைகிறாளே என்று மாடியேறி வந்த மனுஷன். சுவரில் தொங்கிய காற்று உருளையை முதுகில் மாட்டிக்கொண்டார், முகமூடியின் பட்டையை இழுத்துப் பார்த்தார். அதைப் போடத் தெரியுமா அண்ணே என்று கேட்டாள். "பயிற்சி வகுப்புல குறட்டை விட்டது நீ, நான் இல்ல. எந்தப் பக்கம் இருப்பாரு உன் வீட்டுக்காரரு?" கடைசி வரிசை அண்ணே, சுவரோரம், என்றாள், தயங்காமல். ஏன் அப்படிச் சொன்னாள்? பழைய பேட்டரி அங்கேதான், கோளாறு அங்கேதான் வரும், வேலை என்றால் அங்கேதான் இருக்க வேண்டும்... "நான் வர்ற வரைக்கும் கையை எடுத்துடாதம்மா, பொண்ணு கல்யாணத்துல சம்பந்தியோட போட வேண்டிய சண்டை இன்னும் பாக்கியிருக்கு." கதவு திறந்தது, வெப்பம் முகத்தில் அறைந்தது, கதவு மூடியது. டார்ச் வெளிச்சம் புகைக்குள் ஒரு மஞ்சள் கறையாகப் போனது, சின்னதானது, இல்லை.

கை மரத்துப் போய்விட்டது. அழுத்துகிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. காலையில் புருஷன் சட்டைக்கு இஸ்திரி போட்டார், அவரே, காலர்வரைக்கும். பேட்டரி ஆசிட்டுக்கு இஸ்திரியா என்று கேட்க நினைத்தாள், பால் பொங்கிவிட்டது, கேட்கவில்லை. அது ஏன் இப்போது... போன் துடித்தது. அவர் பேர்! எடுத்தாள், காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். "என்ன, இத்தனை தடவை அடிச்சிருக்க? பேட்டரி ரூம்லதான் இருக்கேன்னு சொன்னேன்ல, மனுஷனை வேலை பார்க்க விட மாட்டியா?" இருமல் இல்லை. மூச்சு வாங்கவில்லை. டம்ளரை யாரோ மேஜையில் வைக்கிற சத்தம், மின்விசிறி சுற்றுகிற சத்தம். அப்புறம் அவரே கேட்டார், "ஆமா, அங்க என்ன ஒரே சைரன் சத்தம்? நீ எங்க இருக்க?"

அந்த முதல் போனிலும் மணி இல்லை. அறையே அதிர அடித்திருக்குமே, அவர் குரலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லையே, எப்படிக் கேட்காமல் போனாள். எங்கே, எந்த வீடு, யார் வைத்த டம்ளர்... கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன, உள்ளே கூப்பிட ஆளில்லாமல் வாசலிலேயே நின்றன. கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. "வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்," என்றாள், தோளைத் தளர்த்தினாள், போன் தரையில் விழுந்தது, அதற்குள்ளிருந்து ஹலோ, ஹலோ என்று சின்னதாக ஒரு குரல். சுவரோரம் என்றாளே, கடைசி வரிசை என்றாளே, அவ்வளவு தூரம் போகச் சொன்னாளே... கண்ணாடியில் மஞ்சள் கறையைத் தேடினாள், சாம்பல் மட்டும்தான். வாக்கிடாக்கி மறுபடி கத்தியது, ஏதாவது தகவல் உண்டாம்மா, உன் வீட்டுக்காரர் உள்ளதான் இருக்காரா, இல்லேன்னா கையை எடும்மா, சுவர் சூடேறிடுச்சு, எடு! மரத்துப்போன கையின் மேல் இடது கையையும் வைத்து அழுத்தினாள். அதில் முதல்தடவையாக வலித்தது.

"அவர் இல்ல சார்," என்றாள், பேசுகிற பொத்தானை அழுத்தாமலே, யாருக்கும் கேட்காமல். "மீசை அண்ணன்தான் உள்ள இருக்காரு."